செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுச்சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழாவும் பாடசாலை உபகரணங்கள் வழங்கலும் வழமைபோல் நடந்தன.

இவ்வாண்டின் பெரிய வேலை, நாம் பிறந்து வளர்ந்த மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எடுத்த போக்குவரத்துக் கணக்கெடுப்பு. கொழும்பில் இருந்துகொண்டு இது நமக்கெதற்கு என்று சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எந்தப் பருவத்திலும் வாகனம் ஓடக்கூடிய வீதியிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் கிராமத்தவர்களில் எத்தனை வீதமானோர் வாழ்கிறார்கள்? உலக வங்கி 2006 இல் முன்வைத்த அளவுகோல் இது; இன்று ஐ.நா. நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளிலும் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் நமது தோட்டங்களின் மேற்பிரிவு லயன்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், பலவும் அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் மலையேற்றமோ, நேரத்துக்கு வராத பஸ்ஸோ அந்தக் கணக்கில் இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்தில் ஓர் ஓடையின் மேல் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு, தார் பீப்பாத் தகரத்தை விரித்து ஆணியடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அதன் மேல்தான். மழை பெய்தால் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள்.

1980களில் சர்வதேச தொழில் ஸ்தாபனம் தன்சானியாவின் மகேட்டே மாவட்டத்தில் ஆராய்ந்தபோது, ஊர்ச் சுமையில் பெரும்பகுதியைப் பெண்களே நடந்து, தலையில் சுமப்பது தெரியவந்தது: தண்ணீர், விறகு, மில்லுக்குப் போகும் தானியம். எனவேதான் நமது படிவம் வீதியைப் பற்றிக் கேட்காமல், யார், எதற்கு, எங்கே, எவ்வளவு நேரம் போகிறார்கள் என்று கேட்டது. சில இடங்களுக்கு வீதியைவிட ஒரு நடைபாலமே அவசரம். சில இடங்களில் குழாய்த் தண்ணீர் வந்தாலே பாதி நடை மிச்சம்.

தோட்டங்களுக்குள் உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகள் செலவிடத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. கதவு திறந்தபின், கையில் விபரம் இல்லாமல் போய் நின்றால் யார் கேட்பார்கள்?

அப்புறம், மனவருத்தத்தோடு ஒன்று. கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்த பலர், புறப்படும் காலையில் புறக்கோட்டைக்கு வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. வந்த சில இளைஞர்களே இரட்டிப்பு வேலை செய்தார்கள். சந்தா விடயமும் அப்படித்தான். பாதிக்கு மேற்பட்டோர் நிலுவையில் இருக்கிறார்கள், பதவியில் இருப்போர் உட்பட.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவுக்குள் செலவு அடங்கியது, கையிருப்பு சொற்பம். மண்டபம் தந்தவர்களுக்கும், படிவம் அச்சிட்டவருக்கும், தங்க இடம் தந்து சாப்பாடும் போட்ட தோட்டத்துக் குடும்பங்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அந்த ஓடைக்கு ஒரு நடைபால மதிப்பீடு தயாரித்துப் பிரதேச சபையிடம் கையளிக்க வேண்டும். அதற்குப் பொறியியலாளர் ஒருவர் தேவை. நம் உறுப்பினர்களின் பிள்ளைகளிலேயே சிலர் இருக்கிறார்கள். பயணச் செலவுக்குப் பணமும் தேவை. வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் சந்தாப் புத்தகமும் வைக்கப்பட்டிருக்கிறது.

செயலாளர்