விளையாட்டை மாற்றினால் சேமிப்பும் மாறிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியில் இடம் போதாதவர்கள் பெரிய விளையாட்டுகளை வெளிப்புற ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வெளியான யோசனை பயனுள்ளதுதான். ஆனால் அதை அப்படியே பின்பற்றும் வாசகருக்கு விளையாட்டு மிஞ்சும். அதில் மாதக்கணக்கில் ஆடிக் கடந்த கட்டங்கள் மிஞ்சாமல் போகக்கூடும்.

கணினி விளையாட்டுகளை வாங்கி நிறுவ உதவும் ஸ்டீம் செயலியில் ஒரு விளையாட்டை வேறு டிரைவுக்கு நகர்த்தும்போது, நிறுவப்பட்ட கோப்புகள் மட்டுமே இடம் மாறுகின்றன. எதுவரை ஆடினோம் என்பதைப் பதிந்து வைக்கும் சேமிப்புக் கோப்புகள் பெரும்பாலும் சி டிரைவில் பயனரின் பெயரிலுள்ள கோப்புறைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன; விண்டோஸைப் புதிதாக நிறுவ அந்த டிரைவை அழித்தால் அவையும் போய்விடும். சில விளையாட்டுகள் டாக்குமெண்ட்ஸில் உள்ள ‘மை கேம்ஸ்’ கோப்புறையிலும், சில ‘சேவ்டு கேம்ஸ்’ கோப்புறையிலும், இன்னும் பல, விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும் ‘ஆப்டேட்டா’விலும் எழுதுகின்றன. இதில் ஒரு பொது ஒழுங்கை விளையாட்டு நிறுவனங்கள் இன்றுவரை கடைப்பிடிக்காதது வியப்புக்குரியது. பல ஜிபி கொண்ட விளையாட்டை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். சில எம்பி மட்டுமே உள்ள சேமிப்புக் கோப்பை எங்கிருந்தும் இறக்க முடியாது.

கட்டைகளால் உலகங்களைக் கட்டி ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆப்டேட்டாவின் ‘ரோமிங்’ பகுதியில் உள்ள மைன்கிராஃப்ட் கோப்புறைக்குள் ‘சேவ்ஸ்’ என்று ஒன்று இருக்கும். நாம் உருவாக்கிய ஒவ்வோர் உலகமும் அதில் தனிக் கோப்புறையாக இருக்கும். புதிய நிலப்பரப்புக்குள் நடக்க நடக்க அதன் ‘ரீஜன்’ உட்கோப்புறை பெருத்துக்கொண்டே போவதால், வெளிப்புற டிரைவின் தேவை இங்கே உண்மையானது. விளையாட்டை முழுமையாக மூடிய பிறகு, அந்த உலகின் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் போதும்.

சிலர் சேமிப்புக் கோப்புறையையே வெளி டிரைவுக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் விண்டோஸின் ‘எம்கேலிங்க்’ கட்டளையால் புதிய இடத்தைச் சுட்டும் ஓர் இணைப்பை ஏற்படுத்துகிறார்கள். இது வேலை செய்யும் என்றாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். டிரைவைச் செருகாமலோ, விண்டோஸ் அதற்குத் தரும் எழுத்து (டி, இ போன்றது) மாறிய நிலையிலோ விளையாட்டைத் திறந்தால், அதன் கண்ணுக்குப் பழைய ஆட்டமே தெரியாது. எழுதும் நேரத்தில் கேபிள் அசைந்தாலும் கோப்பு கெட்டுப்போகக்கூடும். ஒரிஜினல் கணினியிலும் நகல் வெளியிலும் இருப்பதே பாதுகாப்பு.

சேமிப்புகளை இணையத்தில் நகலாக வைத்திருக்கும் ஸ்டீம் கிளவுட் இருக்கிறதே என்று கேட்கலாம். எல்லா விளையாட்டுகளும் அதை ஆதரிப்பதில்லை. ஆதரிப்பவற்றிலும், நகலை மீட்டெடுத்த பின் கணினியில் உள்ளதையா கிளவுடில் உள்ளதையா, எதை வைத்துக்கொள்வது என்று ஸ்டீம் கேட்டால், தேதியையும் நேரத்தையும் பார்த்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.

விளையாடுவதற்கென்றே உள்ள கன்சோல் கருவிகளில் சேமிப்பை நாமே நகலெடுத்து வைக்கும் உரிமையும் குறைவு. நிண்டெண்டோ சுவிட்ச் தன் சேமிப்புகளை மெமரி கார்டில் வைக்க விடுவதில்லை. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் சேமிப்பைத் தனித்தனியாக யுஎஸ்பி டிரைவுக்கு நகலெடுக்கவும் வழியில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு இது நியாயமாகப் படவில்லை.

விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன் சேமிப்புக் கோப்புகளைத் தனியே தேடி நகலெடுக்க வேண்டும் என்ற குறிப்பை, அடுத்த வாரக் கணினிப் பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்