வியாழனின் வெள்ளைப் புள்ளி அச்சுப் பிழை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வியாழன் கோளைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கீழே 'வியாழன்' என்று மட்டும் போட்டு விட்டுவிட்டீர்கள். அதில் பெருஞ்சிவப்புப் புள்ளி, அதாவது அந்தக் கோளின் ராட்சதப் புயல், பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது, துருவங்களிலும் வெள்ளைத் தொப்பி. மூஞ்சிக்கல்லில் நாங்கள் டீ குடிக்கிற இடத்தில் பேப்பரைப் பார்த்தவர்கள் அச்சு சரியில்லை என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

அச்சு சரிதான். அது மீத்தேன் ஃபில்டரில் எடுத்த படம், அதாவது மீத்தேன் வாயு விழுங்குகிற அலைநீளத்து ஒளியை மட்டும் காமிராவுக்குள் விடுகிற ஃபில்டர். வியாழனில் நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மேகத்தில் பட்டுத் திரும்புகிற சூரிய ஒளி. அது உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும், 889 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பங்கை அங்குள்ள காற்றில் கலந்திருக்கிற மீத்தேன் விழுங்கிவிடுகிறது. ஆழத்து மேகம் வரை போன ஒளிக்கு வழி நீளம், பெரும்பாலும் திரும்பாது, அதனால் அந்த இடம் கறுப்பு. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிரம்பிய காலையில் பெருமாள்மலை உச்சி மட்டும் வெளியே தெரியுமே, அப்படி உயரத்தில் இருக்கிற மேகமும் மூட்டமும் மட்டும் பளிச்சிடும். ஆக, அந்தப் படத்தில் வெள்ளை என்றால் உயரம். சிவப்புப் புள்ளியின் உச்சி சுற்றியுள்ள மேகங்களுக்கு மேலே நிற்கிறது.

இதற்கு மீத்தேன் ஏன் என்றால், அது அங்கே ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் கலந்திருக்கிறது, அந்தக் குளிரிலும் உறைவதில்லை. அம்மோனியாவை அப்படி நம்ப முடியாது, அதுவே மேகமாகிவிடும்.

வியாழனை ஆராயப் போன ஜூனோ விண்கலத்தின் காமிராவிலும் இந்த ஃபில்டர் உண்டு. எட்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கிற ஆர்வலர்கள்கூட எடுக்கிறார்கள், பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வருகிற ஒளி கொஞ்சம், அதற்காக ரொம்ப நேரம் பதிவு செய்யவும் முடியாது, பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிற கோள், படம் இழுபட்டுவிடும்.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-லிருந்தே கால்சியம் உமிழும் அலைநீளத்தை மட்டும் பிரித்துச் சூரியனைப் படம் எடுத்திருக்கிறார்கள், அதில் தெரிவது சூரியனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்புக்கும் மேலே உள்ள அடுக்கு. அலைநீளத்தை மாற்றினால் உயரம் மாறும். அதே வித்தைதான்.

அடுத்த முறை இப்படிப் படம் போட்டால் எந்த ஃபில்டர், எந்த அலைநீளம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொடைக்கானல்