வேகம் கொடுங்கள், கெடுவும் வையுங்கள்: மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மும்பை அந்தேரியில் ஒரு மருந்து கம்பெனியின் ரெகுலேட்டரி பிரிவில் வேலை பார்க்கிறேன். டில்லி கோட்லா ரோட்டில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு மருந்து அனுமதி கேட்டு வரும் டோசியர்களை, அதாவது ஆவணத் தொகுப்புகளை, தயார் செய்வதுதான் என் பிழைப்பு. 2024 ஆகஸ்ட் 7 அன்று வந்த ஆணையைப் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இடங்களில் அனுமதி வாங்கிய மருந்து, ஐந்து வகைகளில் ஒன்றாக இருந்தால், இந்திய நோயாளிகளிடம் சோதிக்காமலே இங்கே விற்பனைக்கு வரலாம். அரிய நோய் மருந்துகள் அதில் ஒன்று. இப்போதுள்ள சிகிச்சையைவிடக் கணிசமான முன்னேற்றம் தருபவை இன்னொன்று.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசநோய் மருந்தான பெடாகுயிலின் அமெரிக்காவில் 2012 டிசம்பரில் விரைவு அனுமதி பெற்றது; முழு நிரூபணத்தைப் பிறகு தர வேண்டும் என்ற நிபந்தனையோடு முன்கூட்டியே தரும் அனுமதி இது. சளியில் காசநோய்க் கிருமி மறைகிறதா என்ற அளவீட்டை வைத்துக் கிடைத்த அனுமதி அது. இங்கே 2017இல்கூட, பாட்னாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்கு அந்த மாத்திரை கிடைக்க டில்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மருந்துக்கு அடங்காத காசநோய் என்ன செய்யும் என்பதை மும்பைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் விரைவு வழி என்று ஒன்று வந்த பிறகு கம்பெனிகள் திட்டம் போடும் விதமே மாறிவிட்டது. எந்த நோயில் தொடங்கலாம் என்று பேசும்போதே, எந்த வழியில் போனால் சீக்கிரம் அனுமதி கிடைக்கும் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. புற்றுநோய் என்றால், எல்லாச் சிகிச்சையும் பார்த்து முடித்த நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருக்காது. கட்டி எவ்வளவு சுருங்கியது என்று அளப்பார்கள். ஆள் கூடுதலாக எத்தனை நாள் வாழ்ந்தார் என்பது பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம். நான் கையாளும் திட்ட அட்டவணைகளில் அனுமதி வரைக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் இருக்கும், செலவுக் கணக்கு இருக்கும். அதற்கப்புறம், மருந்து விற்பனைக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய சோதனைக்கு, 'ஃபேஸ் 4' என்று ஒரே ஒரு சாம்பல் நிறக் கோடு. முடியும் தேதி இருக்காது, பணமும் ஒதுக்கியிருக்காது. யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. தேதி கேட்கப்படாத வேலைக்கு எந்தக் கம்பெனியும் பணம் ஒதுக்காது.

தாராவியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்து, "தம்பி, இந்த ஊசி போட்டா அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருப்பாங்களா?" என்று கேட்டார். மருந்தின் லேபிளை வரி வரியாகப் படித்தேன். எத்தனை பேருக்குக் கட்டி சுருங்கியது என்பது இருந்தது. அவர் கேட்டதற்குப் பதில் அதில் எங்கேயும் இல்லை. கடன் வாங்கி மருந்து வாங்கப் போகிறவருக்கு அதைத் தவிர வேறென்ன தெரிய வேண்டும்?

பதில் எதிர்மாறாகவும் வரலாம். நிணநீர்ப் புற்றுநோய்க்கான அம்ப்ராலிசிப் 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்றது. வேறொரு சோதனையில் அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு இறப்பு அபாயம் கூடியிருக்கலாம் என்று தெரிந்ததும் 2022இல் திரும்பப் பெறப்பட்டது. குறைப்பிரசவத்தைத் தடுக்க 2011இல் அனுமதிக்கப்பட்ட மக்கேனா பலன் தரவில்லை என்று 2019இல் சோதனை முடிவு வந்தும், அனுமதி ரத்தாக 2023 ஏப்ரல் ஆகிவிட்டது.

சலுகையை எதற்குக் கொடுக்கிறோமோ அதை நோக்கித்தான் கம்பெனி ஓடும். மணல் ஈ பரப்பும் காலா அசார் நோய்க்கான மில்டெஃபோசின் பீகார் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் 2002இலேயே அனுமதி பெற்றது. அதே மருந்தை 2014இல் அமெரிக்காவில் பதிவு செய்த கம்பெனிக்கு, வேறு எந்த மருந்தின் பரிசீலனையையும் விரைவுபடுத்த உதவும் வவுச்சர் ஒன்று சலுகையாகக் கிடைத்தது. அதை 12.5 கோடி டாலருக்கு கிலியட் நிறுவனத்துக்கு விற்றார்கள். புது மருந்து கண்டுபிடிக்கத் தூண்டுவதற்கென்று வைத்த பரிசு, பழைய மருந்துக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டப்படி அதில் தவறே இல்லை. சட்டம் அப்படி எழுதப்பட்டிருந்தது.

உங்கள் ஆணையில் எனக்குள்ள கவலையும் இதேதான். வெளிநாட்டில் கிடைத்தது முழு அனுமதியா, 'பிறகு நிரூபிக்கிறோம்' என்ற விரைவு அனுமதியா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கே பாதி நிரூபணத்தோடு வந்த மருந்துக்கு இங்கேயும் சோதனை விலக்கு கிடைத்தால், இரண்டு தளர்வுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிவிடுகின்றன. முதலில் அமெரிக்காவில் வாங்கு, அப்புறம் இந்தியாவில் விலக்குக் கேள் என்பது எளிதான வழியாகிவிடும்.

ஆகவே விண்ணப்பத்திலேயே அது எந்த வகை அனுமதி என்று கேளுங்கள். விரைவு அனுமதி என்றால், மருந்தின் பலனை உறுதிப்படுத்தும் சோதனையில் ஏற்கெனவே ஆள் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். மருந்து கடைக்கு வந்த பிறகு அது கிடைக்காமல் போகக்கூடிய குழுவில் சேர எந்த நோயாளி சம்மதிப்பார்? அனுமதிக்கு முன்பே சோதனை தொடங்கியிருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் அதிகாரத்தை அமெரிக்கா 2022 டிசம்பர் சட்டத்தில் தன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குக் கொடுத்தது. அங்கே ஒரு மருந்தை ஒரு நோய்க்குப் பயன்படுத்தும் அனுமதி ரத்தானால், இங்கே முப்பது நாளுக்குள் மறுஆய்வு நடக்கட்டும்.

எழுத்தில் வாங்கும் ஃபேஸ் 4 உறுதிமொழிகளை மருந்தின் பெயர், கெடு, இதுவரை சேர்ந்த நோயாளிகள் எண்ணிக்கை ஆகியவற்றோடு உங்கள் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கெடு தாண்டினால் உரிமம் தானாகக் காலாவதியாகும் என்று விதியில் எழுதுங்கள். அந்த ஒரு வரி வந்தால், அடுத்த திட்டக் கூட்டத்திலேயே சாம்பல் கோட்டுக்குப் பணம் ஒதுக்குவார்கள்.

இப்படிக்கு,
மும்பையிலிருந்து ஒரு ரெகுலேட்டரி ஊழியர்