தையல் ஊசிக்கும் தகர அடுப்புக்கும்: பின்லாந்துக்கு ஒரு நன்றி மடல்

1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை, 105 நாள் பின்லாந்துக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும்,

வணக்கம். சோவியத் யூனியன் பின்லாந்தைத் தாக்கிய குளிர்காலப் போர் என்றதும் பின்லாந்தின் படைத்தலைவர் மன்னர்ஹெய்மையும் குறிபார்த்துச் சுடும் ஸிமோ ஹய்ஹாவையும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவர்களுக்குப் புகழ் போதும். இந்த மடல் உங்களுக்கு. குளிர்தான் சோவியத் படையைச் சாய்த்தது என்ற பேச்சு எங்களுக்கு ஒப்பவில்லை. மைனஸ் 40 டிகிரி இரு தரப்புக்கும் ஒன்றுதானே!

முதல் நன்றி லொட்டா ஸ்வார்ட் என்ற தொண்டர் அமைப்பின் பெண்களுக்கு. அரசிடம் சீருடை பற்றாக்குறை. பல வீரர்களுக்குக் கிடைத்தது பெல்ட், துப்பாக்கி, தொப்பிச் சின்னம், அவ்வளவே. படுக்கை விரிப்புகளை வெட்டி, கனத்த கோட்டுக்கு மேல் மாட்டும்படி பனியில் கண்ணில் படாதபடி தொளதொளவென்று வெள்ளை அங்கி தைத்தீர்கள். சமைத்தீர்கள், துவைத்தீர்கள், கோபுரத்தில் நின்று விமானம் வருகிறதா என்றும் பார்த்தீர்கள்.

முனை மேல்நோக்கி வளைந்த பூட்ஸ் தைத்தவர்களுக்கும் நன்றி. பனிச்சறுக்குப் பலகையில் (ஸ்கீ) இருப்பது ஒரே ஒரு தோல் வார். வளைந்த முனை அதில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். குண்டு பாய்ந்தால் காலைச் சட்டென்று உருவிக்கொண்டு படுத்துவிடலாம்.

தாழ்வான மரச் சறுக்குவண்டி செய்தவர்களை விட முடியுமா? மனிதர்களே இழுக்கும் அந்த வண்டியில்தான் கூடாரமும் தகர அடுப்பும் முன்னால் போகும், காயம்பட்டவர் திரும்பி வருவார். ஒரு கூடாரத்தில் 20 பேர்வரை படுப்பார்கள். அடுப்புக்கு விறகு தள்ள ஒருவர் மட்டும் விழித்திருப்பார். துப்பாக்கியை உள்ளே கொண்டுவரக் கூடாது. வெதுவெதுப்பில் இரும்பின்மேல் நீர் பூக்கும், வெளியே போனதும் அது உறைந்து, தோட்டா ஏற்றும் போல்ட் இறுகிவிடும். எண்ணெய் அதிகம் பூசினாலும் வம்பு: மார்கழித் தேங்காய் எண்ணெய்போல் கட்டிதட்டி, சுடும் ஊசி மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காது.

கிழக்குப் பின்லாந்தின் சுவோமுஸ்ஸல்மி பக்கம் ராத்தே சாலையில் சோவியத்தின் 44ஆம் டிவிஷன் என்ற பெரும் படைப்பிரிவு ஒற்றைச் சாலையில் நீண்டு கிடந்தது. லாரியும் டாங்கியும் சாலையை விட்டு இறங்க முடியாது. இறங்கினால் இடுப்பளவு பனி. அதற்கு இணையாக உறைந்த ஏரிகள்மேலும் காட்டுக்குள்ளும் குளிர்காலப் பாதை திறந்த குதிரைக்காரர்களே, பின்லாந்துத் தளபதி ஸீலாஸ்வுவோவின் படை 1940 ஜனவரி முதல் வாரத்தில் அந்த வரிசையைத் துண்டு துண்டாக வெட்டியது உங்கள் பாதையை நம்பித்தான். சமையல் வண்டிகளும் கணப்புகளும் முக்கியக் குறிகளாயின. சூடான கஞ்சி நின்றால் ஆள் நிற்க முடியாது. கொடூரம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

சுவீடனிலிருந்து வந்த ஏறத்தாழ 8,000 தொண்டர்களுக்கும் நன்றி. பிப்ரவரி இறுதியில் வடக்கே சல்லா போர்முனையை நீங்கள் ஏற்றதால், களைத்த பின்லாந்துப் படை தெற்கே போக முடிந்தது. உங்கள் அரசு ஆயுதம் கொடுத்தது, படை அனுப்பவில்லை. அந்தக் குறை இன்றும் குறைதான்.

கடைசியாக, சமாதானத்தில் தென்கிழக்கு எல்லையின் கரேலியா பகுதி சோவியத்திடம் கைவிட்டுப் போக, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து வந்தபோது அறையையும் அடுப்படியையும் பங்கிட்டுக் கொடுத்த குடும்பங்களுக்கும், உழுத நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த விவசாயிகளுக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
போர் வரலாற்று வாசகர்கள் சிலர்