நோவா ஹூத்தாவை நடந்து பாருங்கள்: கிராக்கோவ் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

போலந்தின் கிராக்கோவ் நகருக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கும் நண்பர்களே,

ஊரிலிருந்து உறவினர் வந்தால் வாவெல் கோட்டை, வியெலிச்கா உப்புச் சுரங்கம், அப்புறம் ஆஷ்விட்ஸ் காட்டி அனுப்பிவிடுகிறோம். கம்யூனிச ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்ட, கிராக்கோவின் கிழக்குப் பகுதியான நோவா ஹூத்தாவுக்குக் கூட்டிப்போகிறவர்களும் பழைய டிராபண்ட் காரில் ஒரு சுற்று, லெனின் சிலை நின்ற இடத்தில் ஒரு படம், அவ்வளவோடு திரும்பிவிடுகிறார்கள். கம்யூனிச வேடிக்கைக்காட்சி பார்த்த மாதிரி. அங்கே குடியிருப்பவர்களுக்கு இது நாம் செய்யும் அவமரியாதை என்றே நினைக்கிறேன்.

1949-இல் விளைநிலத்தில் எழத் தொடங்கிய ஊர் அது. லெனின் பெயரிலான உருக்காலையில் உழைப்பவர்களுக்காக, ஒரு லட்சம் பேர் குடியிருக்கும்படி திட்டமிட்டார்கள். மத்திய சதுக்கத்தில் நின்று அகலமான சாலைகளைப் பார்த்தால் அரசின் மிடுக்குதான் தெரியும். ஏதாவது ஒரு வளைவு வாசலுக்குள் நுழையுங்கள். உள்ளே பெரிய முற்றம், உயர்ந்த மரங்கள், பெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும் பாட்டிமார். பள்ளி, குழந்தைகள் காப்பகம், கடை எல்லாம் நடக்கிற தூரத்தில். இன்று பெருநகரங்களில் கோடி கொடுத்தாலும் இப்படியொரு வீட்டு வாசல் கிடைக்காது.

தேவாலயம் மட்டும் அந்தத் திட்டத்தில் இல்லை. தேவாலயம் கட்டப் போராடி அனுமதி வாங்கிய இடத்தில் மக்கள் நட்ட சிலுவையை 1960-இல் அரசு அகற்ற வந்தபோது, முதலில் மறித்து நின்றவர்கள் பெண்கள். அப்புறம் தொண்டர்கள் தங்கள் கையாலேயே பத்தாண்டு கட்டிய ஆர்க்கா பானா தேவாலயத்தை 1977-இல் அர்ச்சித்துத் திறந்துவைத்தவர் அப்போதைய கிராக்கோவ் பேராயர் கரோல் வொய்த்திவா. அடுத்த ஆண்டே அவர் போப் இரண்டாம் ஜான் பால் ஆனார். சுவர் முழுக்க ஆற்றுக் கூழாங்கற்கள். தொட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே 1982-இல் அரசுக்கு எதிரான போராட்ட நாளொன்றில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 வயதுத் தொழிலாளி போக்தான் வுவோசிக்கின் நினைவுச் சின்னம் இருக்கிறது. தொழிலாளர்களுக்கென்று அரசு கட்டிய ஊரில், அதே அரசை எதிர்த்து நின்றவர்களும் தொழிலாளர்களே. காரில் சுற்றினால் இது பிடிபடாது.

உருக்காலையின் ஊதுலை 2019-இல் நின்றது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை பார்த்த இடம். அதை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

ஆகவே டிராமில் போங்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள். முற்றங்களில் சத்தம் போடாதீர்கள், ஜன்னல்களைப் படம் எடுக்காதீர்கள். பழைய ஷ்வியாத்தோவித் திரையரங்கில் இப்போது இருக்கும் அருங்காட்சியகத்தையும், அதற்கடியில் உள்ள பதுங்கறையையும் விட்டுவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டை அங்கேயே ஒரு பால் உணவகத்தில் (மலிவு விலையில் வீட்டுச் சாப்பாடு தரும் போலந்துக் கடை) முடித்துக்கொள்ளுங்கள், உங்கள் காசு அந்த ஊர்க்காரர் கைக்குப் போகட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்