பேக்கப்பிலிருந்து தரவுத்தளத்தை மீட்க முடியாதது குறித்த புகார்

அனுப்புநர்: உரிமையாளர், ஜவுளி மொத்த வணிகம், ஈரோடு.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கடையின் பற்று வரவு முழுவதும் நான்கு ஆண்டுகளாகத் தங்கள் சர்வரில்தான் இருக்கிறது. சென்ற திங்கட்கிழமை அதன் டிஸ்க் பழுதடைந்தபோது, "பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது" என்று நாள்தோறும் வந்த மின்னஞ்சலை நம்பி நான் பதறாமல் இருந்தேன்.

மாற்று சர்வரில் ரீஸ்டோர் தொடங்கியதுமே 1273 என்ற பிழை எண்ணும், அறியாத கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) என்ற செய்தியும் வந்து வேலை நின்றது. ஃபைல் கெட்டுவிட்டதாகத் தங்கள் உதவி மையம் மூன்று முறை கூறியது. உண்மையில், பேக்கப் எடுத்தது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பில், தாங்கள் கொடுத்த மாற்று சர்வரிலோ 5.7. புதிய பதிப்பின் இயல்பான கொலேஷன் பழையதில் கிடையாது. வெர்ஷனை முதலிலேயே ஒப்பிட்டிருந்தால் ஒன்றரை நாள் வீணாகியிருக்காது.

8.0 சர்வர் கிடைத்த பிறகு தெரியவந்ததுதான் என்னை நிலைகுலையச் செய்தது. முறையாக முடிந்த டம்ப் ஃபைலின், அதாவது தரவுத்தளம் முழுவதையும் எழுதி எடுத்த பேக்கப் ஃபைலின், கடைசியில் வழக்கமாக "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று ஒரு வரி இருக்கும். எங்கள் ஃபைலில் அது இல்லை. ரசீது டேபிளில் ஒரு வாடிக்கையாளரின் பெயர் பாதி எழுத்தோடு அறுந்து நிற்கிறது. அதற்குப் பின் வர வேண்டிய ஸ்டாக் டேபிள் அறவே இல்லை. டம்ப் நடுவில் அறுந்தாலும் அதைச் சுருக்கும் ஜிஸிப் தன் வேலையைக் குறையின்றி முடித்துவிடும் என்றும், தங்கள் ஸ்கிரிப்ட் ஜிஸிப்பின் முடிவை மட்டும் பார்த்து வெற்றி என்று அறிவித்துவிட்டது என்றும் தங்கள் பொறியாளரே தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். எடுத்த பேக்கப்பை ஒரு முறையேனும் மீட்டுப் பார்க்காமல் வெற்றி என்று எழுதுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

விசைத்தறிக்காரர்களுக்குத் தர வேண்டிய கூலியை, மங்கிய கார்பன் பில்களை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பழுதான டிஸ்க்கைத் தயவுசெய்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். அதிலிருந்து, தரவில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்து வைக்கும் பைனரி லாக் ஃபைல்களை எடுக்க முடிந்தால், முந்தைய முழுமையான பேக்கப் ஒன்றின் மீது அவற்றை ஓட்டி விடுபட்ட பதிவுகளை மீட்க வழியுண்டு. அதற்காகத் தங்களிடமுள்ள பழைய பேக்கப்கள் ஒவ்வொன்றின் கடைசி வரியையும் சரிபார்த்து, எந்த நாளினது முழுமையாக உள்ளது என்பதையும், டிஸ்க் மீட்புச் செலவைத் தாங்களே ஏற்பதையும் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்