பதினைந்தாம் தேதிக்கு முன்னால் வந்துவிடு

கடலூர்,
ஜூன் 5

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறதா? இங்கே அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் விடவில்லை. சாயங்காலம் கடல் காற்று வந்தால்தான் உயிர் வருகிறது.

போன திங்கட்கிழமை நம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த வேப்பமரங்களின் இடத்தில் வைத்த கன்றுகள் இப்போது மாடி உயரம் வளர்ந்து நிற்கின்றன. நாம் படித்த ஓட்டுக் கட்டடமும் இருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கிறது. தேவனாம்பட்டினத்துப் பையன்கள் சிலர் இன்னும் வரவில்லை என்று ஆசிரியை வருத்தப்பட்டார். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் அல்லவா? விசைப்படகில் வேலை செய்யும் வீடுகளில் அத்தனை நாளும் வருமானம் கிடையாது. கடன் ஏறிவிடும். ஜூன் 14 முடிந்து படகு கிளம்பும் நேரமும் பள்ளி திறக்கும் நேரமும் ஒன்றாக வருகிறது. லீவில் வலை வேலைக்கு உதவியாகப் போன பையன் அப்படியே படகில் ஏறிவிடுகிறான்.

அதில் ஒருவன் பத்தாம் வகுப்பில் 421 மார்க். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அரசுப் பள்ளியிலேயே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் வரும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். "அதெல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே சார், வட்டிக்காரர் இந்த மாசம் வருவாரே" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. கடலுக்குப் போவதை நான் குறைவாக நினைக்கவில்லை, அது உனக்கே தெரியும். பதினாறு வயதில் வேறு வழியில்லாமல் போகிறானே என்பதுதான் தாங்கவில்லை.

நீ ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டபோது தமிழ் ஐயா சைக்கிளில் குப்பத்துக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா கரை திரும்பும் வரை மணலில் கட்டுமரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். அப்பாவிடம் என்ன பேசினார் என்று இதுவரை நீ எனக்குச் சொன்னதில்லை. அதை அந்தப் பையனிடமும் அவன் அப்பாவிடமும் நீ சொல்ல வேண்டும். நான் சொன்னால் வெளி ஆள் சொல்வதுபோல் இருக்கிறது. நீ அந்த மணலில் வளர்ந்தவன்.

வட்டிப் பணத்துக்கு நம் செட்டில் நாலு பேரிடம் பேசிவிட்டேன், பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், வலியோடு கடலூர் வரை பஸ்ஸில் வராதே. புதுச்சேரி வரை வந்து போன் பண்ணு, வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். பதினைந்தாம் தேதி விடியற்காலையில் படகு கிளம்பிவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்